வேன் படியில் ஒரு ஜோடிச் செருப்பு

இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வழிகாட்டிகள் ஏழு பேருக்கும் எழுதுகிறேன்.

பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை மலைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வந்தேன். சனிக்கிழமை சாயங்காலமே பூசைக்குப் போய்விட்டு, விடிவதற்கு முன் அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரில் வேனுக்காக நிற்பேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போன பருவத்தோடு நிறுத்திக்கொண்டேன். குழுவில் எல்லோரும், "ஸ்டெல்லாக்கா, புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்கள். எவ்வளவு தண்ணீர், எந்தக் காலணி, பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் யாராவது வரிசையாக எண் சொல்வது கேட்டால் நானும் கூடவே எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஏழு பேரில் ஒருத்தி என் மகள் ஜெனி. அவளுக்கு என்று தனியாக எதுவும் எழுதவில்லை. அப்படித் தனியாகப் பார்த்ததுதான் நான் செய்த தப்பே.

நம் குழுவில் எண் சொல்லும் பழக்கம் நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. காலையில் வேனில் ஏறும்போதே ஆளுக்கு ஒரு எண் கொடுப்போம். எங்கே நின்றாலும், முன்னால் போகும் வழிகாட்டி கையைத் தூக்கியதும், ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசி எண் வந்த பிறகுதான் அடுத்த அடி. இது போக, எல்லோருக்கும் பின்னால் நம் ஆள் ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவருக்குக் கடைசி ஆள் என்று பெயர்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் அப்படி ஒரு கடைசி ஆள்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். என்னைவிட நான்கு வயது சின்னவர். "எம்பேரை எல்லாம் போடாதக்கா, கடைசி ஆளுன்னே எழுது, அது போதும்" என்று சொல்லிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். ஒரு தடவை என் கணவர் எங்களோடு வந்தார். படம் எடுப்பதற்காக இவருக்குப் பின்னால் நின்றுவிட்டார். இவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, "நீ எடு மாமே, நீ எடுக்கறவரைக்கும் நான் குந்திக்கினு கீறேன். ஆனா எனக்குப் பின்னாடி நீ வரமாட்ட" என்றார். என் கணவர் நான்கே நிமிடத்தில் கேமராவை மூடிவிட்டார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

தை மாதம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நாம் வழக்கமாகப் போகும் அதே மலை. ஓடையை ஒட்டியே ஏறி, மேலே இருக்கும் குளத்தில் குளித்து, சாப்பிட்டு, மூன்றரை மணிக்குள் இறங்கிவிடும் சுலபமான வழி. பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அப்போது பதினெட்டு வயதான ஜெனியும் அதில் ஒருத்தி. அவள் மலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கடைசி எண்ணான பத்தொன்பதைக் கொடுத்தேன். கடைசி ஆளுக்குப் பக்கத்திலேயே நடப்பாள், விழுந்தால் பிடிப்பார் என்பது என் கணக்கு. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் எண் ஜரீனா. பூந்தமல்லியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். அப்போது நாற்பத்தாறு வயது. சர்க்கரை உண்டு, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். "மொட்டை மாடியிலேயே சுத்திச் சுத்தி நடந்து அலுத்துப்போச்சுக்கா. பூந்தமல்லில ஏறுறதுக்கு மேம்பாலத்தை விட்டா வேற என்ன இருக்கு?" என்று வேனில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். காலில் ஊதா நிற ரப்பர் செருப்பு. காலணியைப் பையில் கொண்டு வந்து, அடிவாரத்தில் மாற்றிக்கொண்டார். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே, ஈரக் காலணியோடு திரும்ப வேண்டாமென்று செருப்பை வேன் படியில் வரிசையாக விட்டுவிட்டு ஏறுவார்கள்.

ஏறுவதற்கு முன் நான் எப்போதும் பேசும் பேச்சைப் பேசினேன். "வழி தவறினா ஓடாதீங்க, தேடாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. ஒவ்வொரு எடத்துலயும் நாங்க எண்ணுவோம். ஒரு ஆள் குறைஞ்சாலும் அரை மணி நேரத்துல திரும்பி வந்துடுவோம்." இதே வார்த்தைகளை நூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜரீனா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏறும்போது ஒரு தம்பதி படம் எடுக்க நின்று நின்று வந்தார்கள். எனக்கு எரிச்சல். எல்லோர் முன்னாலும், "ஒருத்தர் லேட் பண்ணா பத்தொன்பது பேரும் லேட். அப்புறம் கால் வலிக்குது, தண்ணி வேணும்னு எங்கிட்ட வராதீங்க" என்று கத்திவிட்டேன். அந்தத் தம்பதி அதைச் சாப்பிடும்போதே மறந்துவிட்டார்கள். வேறு இரண்டு பேர் மனதில் அது தங்கிவிட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினோம். பாதி வழியில் ஓடையைக் கடக்க வேண்டும். பாசி பிடித்த சாய்ந்த பாறை. நான் முதலில் கடந்து அக்கரையில் நின்றேன். இறக்கத்தில் வரிசை கலைந்துவிட்டதால் ஜெனி நடுவில் வந்துகொண்டிருந்தாள். பாறையில் கால் வைத்தவள் வழுக்கி, முழங்கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் எழுந்திருக்கப் பயந்து அப்படியே இருந்தாள்.

நான் ஓடைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன், கடைசி ஆளைப் பார்த்து. "தம்பி, முன்னாடி வாங்க! ஜெனியைப் பிடிங்க!"

அவர் அங்கிருந்தே கையை ஆட்டினார். "நான் வந்துட்டா பின்னாடி பாக்க ஆளு இல்லக்கா!"

"ஒரு நிமிஷம்தான், வாங்க!"

அவர் தயங்கினார். பிறகு வந்தார். நான் அந்த மலைக்குப் பொறுப்பாளி, நான் சொன்னால் வரத்தான் வேண்டும். பக்கத்தில் வேறு நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் யாராவது கை கொடுத்திருந்தால் போதும். பத்து வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கடைசி ஆளை நான் அவருடைய இடத்திலிருந்து அழைத்தேன். என் பெண்ணுக்காக.

அவர் ஜெனியைப் பிடித்துக் கரையேற்றிவிட்டு, பாறை நடுவில் நின்று மற்றவர்களையும் ஒவ்வொருவராக இக்கரைக்கு அனுப்பினார். கடைசியாக வந்தவர்கள் சந்துருவும் அவன் நண்பனும். வேப்பம்பட்டில் இருந்து வந்தவர்கள், அதற்கு முந்தின வருடம்தான் கல்லூரி முடித்து ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். பின்னால் வேறு யாரும் கண்ணில் படவில்லை.

நான் கையைத் தூக்கினேன். எண்கள் வந்தன. ஓடைச் சத்தத்தில் ஒவ்வொரு குரலும் பாதி பாதியாகக் கேட்டது. எட்டு, ஒன்பது, பத்து. "பதினொண்ணு!" பன்னிரண்டு. அப்படியே போய், கடைசியில் என் மகளின் குரல், கொஞ்சம் அழுகையோடு, "பத்தொன்பது." எனக்கு மூச்சு வந்தது. நடக்கச் சொன்னேன்.

பதினொன்று என்று சொன்னது ஆண் குரல்.

எனக்கு அது கேட்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டது. பதினொன்று ஜரீனா என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் காது அப்போதே பத்தொன்பதுக்காகக் காத்திருந்தது. நடுவில் வந்ததை எல்லாம் சத்தமாகத்தான் கேட்டேன், ஆளாகக் கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஒரு பாறை நிழலில் நின்றோம். அங்கேயும் எண் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் கொய்யாப்பழம் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜெனியின் முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் முன்னால், என் கைக்குள் இருந்தாள். எல்லோரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் கையைத் தூக்கவே இல்லை.

மூன்றரை மணிக்கு வேனை அடைந்தோம். எல்லோரும் காலணியைக் கழற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். டிரைவர் படியைத் துடைக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இது யார்துங்க? ஒரு ஜோடி மிஞ்சி கீது" என்றார்.

ஊதா நிற ரப்பர் செருப்பு.

அந்த ஒரு கணத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் வேனுக்குள் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஆண் குரல் அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

"பதினொண்ணு யார் சொன்னது?" என்றேன்.

சந்துரு எழுந்து நின்றான். "நான்தான்க்கா. அவங்க ஓடைக்கு முன்னாடி தொழுவுறேன்னு ஓரமா நின்னாங்க. பத்து நிமிஷத்துல வந்துடறேன், நீங்க போங்கன்னு சொன்னாங்க. லேட்டானா நீங்க திட்டுவீங்கன்னு... காலேஜ்ல குடுக்கற மாதிரி ஒரு ப்ராக்ஸி குடுத்துட்டேன். பின்னாடியே வந்துட்டு இருப்பாங்கன்னு நெனச்சேன்க்கா."

அவன் நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "டேய் மச்சான், இன்னாடா பண்ணி வச்ச?"

வேனே எழுந்து நின்றது. அந்தத் தம்பதியில் கணவர், "உனக்கு அறிவில்லையா?" என்று அவனைப் பிடித்துத் தள்ளினார். நான்கு பேர் மேலே ஓடத் தயாராகக் காலணியை மறுபடி மாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். சந்துருவை எல்லோரும் திட்டியது எனக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. இதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

கடைசி ஆள் வேனின் கதவைக் குறுக்கே மறித்து நின்றார். "எல்லாம் குந்துங்க. யார் தப்புன்றத்த ஊட்டுக்குப் போயி பேசிக்கலாம்." பிறகு சந்துருவின் தோளில் கை வைத்தார். "நைனா, அழுவாத. எங்க பாத்த, எந்தப் பக்கமா நின்னாங்க, கையில இன்னா வச்சிருந்தாங்க, அத்த மட்டும் சொல்லு."

அவன் சொன்னான். ஓடைக்குச் சற்று மேலே, வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தட்டைப் பாறை. கையில் சின்னக் கைப்பை, பாதி பாட்டில் தண்ணீர். அந்தக் கேள்வியை அந்தத் தொனியில் கேட்டிருக்காவிட்டால் அவன் பயத்தில் எதையாவது உளறியிருப்பான். நாங்கள் வேறு எங்கேயோ தேடியிருப்போம். பதற்றத்தில் இருக்கும் ஒருவரிடமிருந்து உண்மை வேண்டுமென்றால், முதலில் அவரைத் தண்டனையிலிருந்து விடுவிக்க வேண்டும். இதை எனக்கு எந்தப் பயிற்சியும் சொல்லித்தரவில்லை.

ஜரீனாவின் செல்போனுக்கு அடித்தால் கிடைக்கவில்லை. வெளிச்சம் இன்னும் இரண்டரை மணி நேரம்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவது, மற்றவர்கள் ஒருவரும் வேனை விட்டு இறங்கக் கூடாது, ஐந்து மணிக்குள் நாங்கள் வராவிட்டால் டிரைவர் அடிவாரத்து ஊருக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வனத்துறைக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். நானும் வருகிறேன் என்று சந்துரு கெஞ்சினான். அவனை விடவில்லை. குற்ற உணர்ச்சியோடு மலை ஏறுகிறவனுக்குக் காலடி தெரியாது. அப்படிப் பார்த்தால் நானும்தான் போயிருக்கக் கூடாது. ஆனால் மேலே அந்த இடம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

வேனில் யாரை நம்பி விடுவது என்று நான் தயங்கி நின்றேன். உண்மையைச் சொன்னால், ஜெனியை விட்டுப் போகத்தான் கால் வரவில்லை. அவள் முழங்கையில் கட்டோடு இறங்கி வந்தாள்.

"அம்மா, காலையில இருந்து நீ என்னையே பாத்துட்டு இருந்த. எனக்குத் தெரியும். நான் இங்க பத்திரமாத்தான் இருக்கேன். இப்ப போயி அவங்களைப் பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியது. பிறகு அவளே வேனுக்குள் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் நம்பர் சொல்லுங்க, இப்பவே" என்றாள். நாங்கள் ஏறத் தொடங்கியபோது பின்னால் ஒன்று, இரண்டு என்று கேட்டது. பத்துக்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் பன்னிரண்டு வந்தது.

ஏறும்போது நான் "ஜரீனா, ஜரீனா" என்று கத்திக்கொண்டே போனேன். கடைசி ஆள் என்னை நிறுத்தினார். "அக்கா, நீ கத்திக்கினே இருந்தா அவங்க கூப்புட்றது உனக்கு எப்புடி கேக்கும்? மூணு விசில். அப்புறம் வாய மூடிக்கினு நில்லு." அப்படியே செய்தோம். மூன்று விசில், பிறகு அமைதி. அந்த அமைதியில் நிற்பதுதான் கடினம். காற்றும் தண்ணீரும்தான் கேட்கும். ஜரீனா பதில் சொல்லாத ஒவ்வொரு முறையும் என் மனம் ஒரு படம் போட்டது. வழுக்கி விழுந்து கிடக்கிறார். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறார். தவறான வழியில் இறங்கி எங்கேயோ போய்விட்டார். அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், சேரும்போது நிரப்பிய படிவத்தில் அவன் போன் எண் இருக்கிறது, அவனுக்கு நான் என்ன சொல்வேன்? ஜெபமாலை கையில் இல்லை. நடந்துகொண்டே விரல்களை எண்ணி ஜெபித்தேன். எண்ண வேண்டிய நேரத்தில் எண்ணாதவள் இப்போது எண்ணுகிறேனே என்று தோன்றியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

ஓடையைக் கடந்தோம். தட்டைப் பாறைக்குப் போனோம். அங்கே யாரும் இல்லை.

கடைசி ஆள் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மறுபடி மூன்று முறை ஊதினார். நின்றோம்.

மேலே, மரங்களுக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல். தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி.

"பதினொண்ணு!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஏந்திரிக்கா, ஆள் உசுரோட கீது. போயி இட்டாந்துரலாம்" என்றார்.

வழி பிரியும் இடத்தில் ஒரு புதரில், கண் மட்டத்தில், மஞ்சளாக ஏதோ தொங்கியது. அளவு எடுக்கும் இஞ்ச் டேப். அதைத் தாண்டிப் பதினைந்து அடியில், ஒரு கல்லில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜரீனா உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

தொழுது முடித்து வந்தபோது எங்கள் யாரையும் காணவில்லையாம். இரண்டு வழி. ஒன்றில் கொஞ்ச தூரம் போயிருக்கிறார். அது சரியில்லை என்று தோன்றியதும் பயத்தில் ஓட வேண்டும் போல் இருந்திருக்கிறது. "அப்பதான்க்கா நீங்க காலையில சொன்னது ஞாபகம் வந்துச்சு. நின்ன எடத்துல நில்லுன்னு. பையில எப்பவும் டேப் இருக்கும், தொழில் பழக்கம். அதைக் கட்டிட்டு ஒக்காந்துட்டேன். ரெண்டு பேரீச்சம்பழம் இருந்துச்சு, ஒண்ணு தின்னேன், ஒண்ணை வச்சிருக்கேன்."

கடைசி ஆள் கொண்டு வந்திருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். ஜரீனா குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு எடத்துலயும் எண்ணுவோம்னு சொன்னீங்கல்ல? எண்ணுனா தெரிஞ்சிடும், தெரிஞ்சா வருவாங்கன்னு ஒக்காந்திருந்தேன். கொஞ்சம் லேட்டாச்சு, அவ்ளோதான். ரொம்ப நன்றிக்கா."

அவர் எனக்கு நன்றி சொன்னார்.

தலையை ஆட்டினேன். இறங்கத் தொடங்கினோம். நான் முன்னால், அவர் நடுவில், கடைசி ஆள் கடைசியில். பாசிப் பாறையைக் கடக்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் பாரம் என்னால் தாங்க முடியவில்லை. அக்கரை சேர்ந்ததும் நின்று திரும்பினேன்.

"ஜரீனா, நான் எண்ணல."

அவருக்குப் புரியவில்லை. முழுதாகச் சொன்னேன். கடைசி ஆளை நான் கூப்பிட்டது, ஆண் குரல் கேட்டும் விட்டது, நிழலில் எண்ணாதது, செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது, எல்லாம். சந்துருவைப் பற்றி ஒரு வரிதான் சொன்னேன், அவன் உங்களுக்கு நல்லது நினைத்துச் செய்தான் என்று.

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டு மணி நேரம் நான் எதை நம்பி ஒக்காந்திருந்தேன்?"

அந்த இரண்டு மணி நேரம் அந்த மலையில் என் வார்த்தையை நம்பியது அவர் ஒருவர்தான். நான் கூட இல்லை.

பின்னாலிருந்து கடைசி ஆள் மட்டும், "நடங்கக்கா, வெளிச்சம் போவுது" என்றார்.

பத்து அடி நடந்த பிறகு ஜரீனா, "சரி. வந்தீங்கல்ல" என்றார். அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நடந்துகொண்டே, வைத்திருந்த அந்த இரண்டாவது பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களும்தான் ஏறி எறங்கியிருக்கீங்க. தின்னுங்க."

ஐந்து மணிக்குச் சற்று முன் நாங்கள் இறங்குவதை டிரைவர் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார். சந்துரு அந்த ஊதாச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்கு வெளியே நின்றிருந்தான். ஜரீனாவின் காலருகே குனிந்து வைத்தான். நிமிர முடியவில்லை அவனால்.

ஜரீனா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். "ஏன்டா, உனக்குன்னு ஒரு நம்பர் குடுத்தாங்கல்ல? அது பத்தலைன்னு என்னுதையும் எடுத்துக்கினியா?"

அவன் அழுதுகொண்டே சிரித்தான். வேனில் வரும்போது அவர் மகனுக்குப் போன் செய்து, "ஒண்ணுமில்லடா, மலையில கொஞ்ச நேரம் தனியா ஒக்காந்திருந்தேன். நல்ல காத்து" என்றார். நான் அந்தப் போனை வாங்கி, அவர் எவ்வளவு நேரம் தனியாக இருந்தார், ஏன் இருந்தார் என்பதை அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் திட்டினான். கேட்டுக்கொண்டேன். மலையில் நடப்பதை வீட்டில் இருக்கிறவர்களிடம் மறைக்கும் உரிமை நமக்கு இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பூந்தமல்லியில் அவர் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார், அதே மஞ்சள் டேப்பால். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "அடுத்த ட்ரிப் எப்போ?" என்றார். உள்ளே போய் ஒரு துணிப் பை எடுத்து வந்தார். கையில் கட்டிக்கொள்ளும் பட்டைகள். ஒவ்வொன்றிலும் வேறு நிறத் துணியில் எண் தைத்திருந்தார்.

"குரல்ல யார் வேணா யார் நம்பரையும் சொல்லலாம்க்கா. கையில கட்டினா, நீங்க கிட்ட வந்து பாத்துதான் ஆவணும்."

காலையில் நீங்கள் எல்லோருக்கும் கட்டிவிடுகிறீர்களே, அந்தப் பட்டைகள்தான். எண் சொன்ன பிறகு வழிகாட்டி வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு பட்டையையும் தொட்டுப் பார்ப்பது அன்றிலிருந்து வந்த பழக்கம். அதோடு, ஏறுவதற்கு முன், யாருக்காவது தொழ, மாத்திரை போட, வேறு எதற்காவது நேரம் வேண்டுமா என்று கேட்பதும். முன்பு அதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் பத்து நிமிடம் அந்த ஓடைக் கரையில் உட்கார்ந்திருப்போம். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அதற்குப் பிறகும் நான் இரண்டு பருவம் வேலை செய்தேன். விட்டுவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜரீனா மறுபடி வந்ததால் என்னால் விட முடியவில்லை. அவர் வந்துகொண்டே இருந்தார். போன வருடம் லேத் பட்டறையில் ஞாயிறும் ஷிப்ட் போட்டதால் நம் கடைசி ஆள் மாதத்துக்கு ஒரு முறைதான் வர முடிந்தது. மற்ற நாட்களுக்கு யார் என்று பேச்சு வந்தபோது, ஜரீனா கையைத் தூக்கினார்.

"நான் இருக்கேன். கடைசியில ஒக்காந்து எனக்குப் பழக்கம் இருக்கு."

கடைசி ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்தம்மாவுக்கு நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல. எனக்குத்தான் இவங்க சொல்லித் தரணும்" என்றார். அடுத்த ஞாயிறு உங்கள் வரிசைக்குப் பின்னால் வரப்போவது ஜரீனாதான். அவருக்குப் பின்னால் யாரும் நிற்காதீர்கள். அவரை முன்னால் அழைக்கவும் அழைக்காதீர்கள், யாருக்காகவும்.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். படியைத் துடைக்கக் குனிந்த டிரைவர், மறைக்காமல் எழுந்து நின்ற சந்துரு, கதவை மறித்து நின்ற கடைசி ஆள், "அவங்களைப் பாரு" என்று சொன்ன என் மகள். இவர்களில் ஒருவர் அன்று வேறு மாதிரி நடந்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மலைக்கும்கூட நன்றிதான்.

அடுத்த ஞாயிறு ஜெனி முதல் முறையாக ஒரு குழுவை முன்னால் நின்று கூட்டிப் போகிறாள். நான் போகவில்லை. செல்போனில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேலே எப்படியும் கிடைக்காது. காலையில் வேன் கிளம்பியதும் வீட்டுக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். பதற்றமாகத்தான் இருக்கும். எழுந்து எங்கேயாவது ஓட வேண்டும் போலவும் இருக்கும். ஓட மாட்டேன். ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் எண்ணுவீர்கள் என்று நம்பி, வேன் திரும்பி வரும்வரை, நின்ற இடத்திலேயே இருப்பேன்.